ஏழு பத்துக்குக் கண்ட கப்பலும் கொழும்பு வேலையும்

அந்தக் கப்பலை நான் கண்டது காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நானே லொக் என்கிற பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். எந்தக் கப்பல் என்பதிலும் சந்தேகமில்லை. இரண்டு கம்பம், நடுவில் புகைபோக்கி, புகைபோக்கியில் அகலமாய் ஒரு வெள்ளைப் பட்டை. சந்தேகமெல்லாம் அன்று பின்னேரம்தான் வந்தது, அதுவும் நானாக வரவழைத்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் பென்சன் எடுத்த பிறகு துறைமுகத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கொண்டு வருகிறார்கள். வெளியில் நல்ல வேலை ஒன்று வந்திருக்கிறது, போகவா நிற்கவா என்று. முப்பது வருடம் ஒரே மலையில் நின்ற மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஒரு தடவை அப்படி ஒரு வேலை வந்தது. நான் ஏன் போகவில்லை என்று என் மனைவியையும் என்னோடு மலையில் நின்ற ஹனீபா காக்காவையும் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது வயது போய்விட்டது, வெட்கமும் கொஞ்சம் குறைந்துவிட்டது.

மலையில் என்ன வேலை

திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு மேலே ஒரு மலை. மலையில் ஒரு கொடிமரம், ஓட்டுக் கூரை போட்ட ஒரு அறை, மூன்று காலில் நிற்கிற நீளமான தொலைநோக்கி, ஒரு ரெலிபோன், இரண்டு கதிரை. தொலைநோக்கியை நாங்கள் குழல் என்போம். கப்பல் தலை காட்டினால் நேரத்தை எழுத வேண்டும், கீழே கந்தோருக்கு, அதாவது துறைமுக அலுவலகத்துக்கு, ரெலிபோன் எடுக்க வேண்டும், கொடியை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

கலியாணம் பேச வந்த அன்று என் மாமனார், “கடலைப் பாத்துக்கொண்டிருக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். பெண்ணைத் தந்தது அரசாங்க வேலை என்ற ஒரு காரணத்துக்காக மட்டும்தான்.

நாள் முழுவதும் கடலைப் பார்த்தவனுக்குத்தான் அதன் சுகம் தெரியும். காலை பத்து மணிக்குப் பிறகு வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க ஏலாது. கண் அங்கேயே நிற்கும், மனம் மட்டும் கழன்று எங்கோ போய்விடும். ஒரு புள்ளி தெரிந்தவுடன் திரும்பி வரும். விழித்துக்கொண்டே கனவு காண்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான் என்று சொன்னால் அதில் பொய்யில்லை.

என்னோடு காவல் நின்றவர் ஹனீபா காக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், குறிஞ்சாக்கேணிக்காரர். வாரத்தில் ஒருநாள் பாதையில் ஏறிக் கிண்ணியாப் பக்கம் கடந்து வீட்டுக்குப் போய்வருவார். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. சிவராசா என்ற என் பெயரில் பாதியை வெட்டி ராசா என்றுதான் கூப்பிடுவார். என் அப்பாகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் கண்டால் போதாது. மற்றவனும் குழலுக்குள் பார்த்து ஓம் என்ற பிறகுதான் எழுதலாம். கண்டவன் ஒப்பம் வைப்பான், பக்கத்தில் மற்றவன் ஒப்பம் வைப்பான். எழுதியதை வெட்டவோ சுரண்டவோ கூடாது. பிழை என்றால், முதலில் கண்டவன் அதன் கீழே சிவப்பு மையால் திருத்தம் எழுதலாம். அதற்கு அவனுடைய ஒப்பம் மட்டும் போதும். சிவப்பு மையால் எழுதியதற்குப் பிறகு திருத்தமே கிடையாது. அந்தச் சிவப்புப் போத்தல் நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் பல வருடம் இருந்தது.

தேவசகாயம் மலை ஏறினார்

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். கொழும்பில் ஒரு கப்பல் ஏஜென்ட் கொம்பனியின் மனேஜர், தேவசகாயம் என்று பெயர், யாழ்ப்பாணத்து மனிதர், வந்து ரெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். அவர்களுடைய கப்பல் ஒன்று தேயிலை ஏற்ற வர இருந்தது. புகைபோக்கியில் வெள்ளைப் பட்டை போட்ட கப்பல். முன்பும் பல தடவை வந்து போனதால் நாங்கள் அதை வெள்ளைப்பட்டை என்றே சொல்வோம். வெள்ளிக்கிழமை வரும் என்று தந்தி. சில வேளை ஒருநாள் முந்தியும் வரலாம் என்றார்கள்.

சும்மா இருக்கப் பொழுது போகாமல் திங்கட்கிழமை அந்த மனிதர் மலைக்கு ஏறி வந்தார். வந்து கதிரையில் இருந்து வியர்வை துடைத்துக்கொண்டிருக்கும்போது வடக்கே ஒரு கம்பம் தெரிந்தது. உடம்பு இன்னும் மேலே வரவில்லை. நான் கப்பலின் பெயரைச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கப்பல் கொடி காட்டியபோது அதே பெயர். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எப்பிடிக் காணும் தெரியும்?”

“முன் கம்பம் கொஞ்சம் பின்னுக்குச் சரிஞ்சிருக்கும் ஐயா.”

“அதை இஞ்சையிருந்து பாத்தனீரோ?” என்று கேட்டுவிட்டுத் தானும் குழலுக்குள் பார்த்தார். பிறகு, “தம்பி, கொழும்புக்கு வாரும். எங்களிட்டை வோட்டர் கிளார்க் வேலை ஒண்டு இருக்கு” என்றார்.

வோட்டர் கிளார்க் என்றால் கப்பல் நங்கூரம் போட்டவுடன் லோஞ்சுப் படகில் போய் ஏறுகிற ஆள். கப்டனைச் சந்தித்து, பேப்பர்களை வாங்கி, கப்பலுக்கு வேண்டியதை ஒழுங்கு செய்வான். வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை. சம்பளம் எனக்குக் கிடைத்ததைப் போல் இரண்டு பங்கு. அதைவிடப் பெரிய விசயம், கொட்டாஞ்சேனையில் கொம்பனி வீடு. உள்ளேயே தண்ணீர்க் குழாய்.

“சனிக்கிழமை காலமை நான் வெளிக்கிடுறன். அதுக்கு முதல் ஓமோ இல்லையோ எண்டு சொல்லும். பிறகெண்டால் நான் வேறை ஆளைப் பாக்க வேணும்.”

ஹனீபா காக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தேவசகாயம் இறங்கிப் போன பிறகு, “போ ராசா” என்றார். “நல்ல இடம். நான்தான் ஏலாத ஆள், கப்பல்ல ஏறினா தல சுத்தும். உனக்கென்ன?”

வீட்டில் மங்கையிடம் சொன்னேன். அப்போது எங்களுக்குக் கலியாணமாகி மூன்று வருடம். நகரத்தில் ஒருவருடைய வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தோம். ஐந்து குடும்பத்துக்கு ஒரு கிணறு. வாளிக்கும் கயிற்றுக்கும் தினமும் விடியமுன் சண்டை. குழாய் என்றதும் மங்கை அரிசி கொழிப்பதை நிறுத்திவிட்டாள்.

“குசினிக்குள்ளயா? அடுப்படிக்குப் பக்கத்திலயா?”

“ஓமாம். குசினிக்குள்ள ஒண்டு, குளிக்கிற அறையில ஒண்டு.”

அன்றிலிருந்து மூன்று பின்னேரம் நாங்கள் அந்த வீட்டில்தான் வாழ்ந்தோம். கண்ணால் காணாத வீடு. சன்னல் எந்தப் பக்கம், கட்டிலை எங்கே போடுவது, வாங்காத அலுமாரியை எந்த மூலையில் வைப்பது என்று கதைத்தோம். ஒரு நேரம் மங்கை கையை நீட்டிக் குழாயைத் திறப்பதுபோல் பிடித்துக் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுடைய சிரிப்பு எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் மலையை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதை அவளுக்குச் சொல்ல வழி தெரியவில்லை. ‘கடலைப் பார்க்காமல் இருக்க ஏலாது’ என்று சொன்னால் எந்தப் பெண்தான் கேட்பாள்? எனக்கே அது விசர்க்கதையாகத்தான் பட்டது. புதன்கிழமை படுக்கப் போகும்போது, போவது என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை

அன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. சம்பூர்ப் பக்கத்துக் கரை தண்ணீரை விட்டு ஒரு முழம் கிளம்பி நிற்பதுபோல் தெரிந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வெயில் காலத்தில் கரை அப்படி விளையாட்டுக் காட்டுவது உண்டு. என் கண் கிழக்கே நின்றது. மனம் கொட்டாஞ்சேனையில் ஒரு சன்னலுக்கு என்ன நிறச் சீலை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கப்பல் வந்தது. வந்தது என்பதும் பிழை. அது நின்றது. தண்ணீரில் நிற்கவில்லை. கடலுக்கு மேலே வெளிச்சமாய் ஒரு கீற்று, அந்தக் கீற்றுக்கு மேலே கப்பல். கம்பம் இரண்டும் வழமையைவிட நீண்டு தெரிந்தன. வெள்ளைப் பட்டை துலக்கமாய்த் தெரிந்தது. ஒரு அசைவும் இல்லை. இவ்வளவு வடிவான ஒன்றை அந்தக் குழலுக்குள் நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

“காக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ.”

ஹனீபா காக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“வெள்ளப்பட்டதான்” என்றார். “ஆனா ஏன் ராசா கடலுக்கு மேல நிக்குது?”

“வெயில் காக்கா.”

“இருக்கும்.”

எழுதினோம். என் ஒப்பம், அவருடைய ஒப்பம். ரெலிபோன் எடுத்தேன், கொடியை ஏற்றினேன். மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற கப்பல் சாதாரணமாக இரண்டு மணி நேரத்தில் வாயிலுக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில்தான் கீழே எல்லாம் நடந்தது. கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவருகிற பைலட் லோஞ்சில் புறப்பட்டார். சீனன்குடாவில் ரயிலில் வந்திருந்த தேயிலைப் பெட்டிகளைத் தட்டையான பார்ஜ் படகுகளில் ஏற்றிக் குடாவுக்குள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். நகரத்திலும் கிண்ணியாவிலும் இருந்து சாமான் ஏற்றுகிற ஆட்களைக் கூப்பிட்டார்கள். தேவசகாயம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இறங்குதுறையில் நிற்பதை நான் குழலுக்குள் பார்த்தேன்.

கொடி ஏற்றிவிட்டு வந்து மறுபடி கிழக்கே பார்த்தபோது கப்பல் இல்லை. கழுவித் துடைத்த பீங்கான்போல் கடல் வெறுமையாய்க் கிடந்தது. சரி, வெயில் மறைக்கிறது, வரும் என்று இருந்தோம். ஒன்பது மணி. பத்து மணி. பைலட் பத்து மைல் வெளியே போய்த் திரும்பி வந்து ரெலிபோனில், “சிவராசா, எங்கை ஐசே உம்மடை கப்பல்?” என்று கேட்டார். பார்ஜ்களில் ஆட்கள் தேயிலைப் பெட்டிக்கு மேலே சாரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இருந்தார்கள். அவர்கள் மலையைப் பார்த்து எதையோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. மூன்று மணிக்கு எல்லாவற்றையும் திருப்பி இழுத்துக்கொண்டு போனார்கள்.

நாலு மணிக்குத் தேவசகாயம் மலை ஏறி வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். அப்படி வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

“பிழை ஆருக்கும் வரும் தம்பி. ஆனா கொழும்பிலை என்னைக் கேப்பினம், கப்பல் வராமல் ஏன் பார்ஜ் எடுத்தனீர் எண்டு. நான் என்ன சொல்ல? புத்தகத்திலை ஒரு வரி எழுதும். மேகத்தைக் கப்பல் எண்டு நினைச்சிட்டன் எண்டு. அதோடை விசயம் முடிஞ்சுது. காவல்காரன்ரை கண் பிழைச்சுப்போச்சு எண்டு நானும் எழுதிவிடுவன்.”

நான் ஹனீபா காக்காவைப் பார்த்தேன்.

“மேகமா?” என்றார் அவர். “மேகத்துக்குப் புகைபோக்கி இருக்கா ஐயா? நானும் கண்ட நான்.”

“நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம். முதல் கண்ட ஆள் எழுதினாப் போதும், அப்பிடித்தானே?” என்று தேவசகாயம் என்னைப் பார்த்துச் சொன்னார். “சனிக்கிழமைக்குப் பிறகு நீர் கொழும்பு ஆள். இந்தப் புத்தகத்தாலை உமக்கு என்ன வரப்போகுது?”

இங்கேயாவது பொய் சொல்லாமல் எழுத வேண்டும். அந்த நேரம் எனக்கு என் கண்ணிலேயே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது உண்மை. மூன்று நாளாகக் காணாத வீட்டைக் கண்டுகொண்டிருந்தவன், காணாத கப்பலையும் கண்டிருக்கலாம் அல்லவா? ஆனால் ஹனீபா காக்கா எந்த வீட்டையும் கனவு காணவில்லை. அவரும் கண்டார். அது மேகம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிவப்புப் போத்தலைத் திறந்தேன்.

“காக்கா...” என்றேன்.

“எழுதிறது உன்ட உரிம” என்றார் அவர். “என்னக் கேக்காத.”

லொக் ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: காலை 7.10க்கு எழுதியது பிழை, கண்டது மேகம். ஒப்பம் வைத்தேன். தேவசகாயம் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மிச்ச நேரம் முழுவதும் ஹனீபா காக்கா என் வேலையையும் தானே செய்தார். அது கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சுகமில்லாத மனிதனுக்குச் செய்வதுபோல் செய்தார்.

கப்பல் வந்தது

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வெள்ளைப்பட்டை தண்ணீரில் ஓடி, புகை விட்டுக்கொண்டு, எல்லாக் கப்பலையும்போல வந்து நின்றது. ஒரு மணி நேரம் கழித்து ரெலிபோன் அடித்தது. ஹனீபா காக்கா எடுத்தார். “ஓம் ஐயா, ஓம் ஐயா” என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பைலட் ஐயா கதைச்சாரு. அந்தக் கப்பலுக்கு எஞ்சின் பழுதாம். புதன்கிழமை ராவுல இருந்து இண்டைக்கு விடியும்வரைக்கும் அம்பது அறுபது மைலுக்கு அங்கால சும்மா நிண்டிருக்கு. நேத்துக் காலம ஏழு மணி போல கப்பல்ல இருந்த ரெண்டாவது ஒபிசர் நம்மட மலையக் கண்டாராம். கடலுக்கு மேல, தல கீழா. கொடிமரமும் தெரிஞ்சதாம். கண்டதக் கண்டபடி அவங்கட புத்தகத்தில எழுதி வெச்சிருக்காங்களாம். அந்த நேரம் மலையில எங்களுக்கும் ஏதாவது தெரிஞ்சதா எண்டு கேக்கச் சொன்னாராம்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள் காக்கா?”

“புத்தகத்தப் பாத்துச் சொல்றன் எண்டன்.”

வெப்பமும் குளிரும் அடுக்கடுக்காக நிற்கிற காற்று வெளிச்சத்தை வளைத்துத் தூரத்தில் கிடப்பதைத் தூக்கிக் காட்டும் என்று பிறகு பைலட் எனக்கு விளக்கினார். அன்று எனக்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். கறுப்பில் இரண்டு ஒப்பம். கீழே சிவப்பில் ஒன்று. கடலில் ஐம்பது மைலுக்கு அப்பால் நின்ற, பெயர் தெரியாத ஒரு மனிதன் என்னைக் கண்டு எழுதி வைத்திருக்கிறான். நான் அவனைக் கண்டும் காணவில்லை என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. ஹனீபா காக்கா வெளியே போய்க் கொடிக் கயிற்றைச் சரி செய்வதுபோல் நின்றார். அவிழ்த்துக் கட்ட அதில் ஒன்றும் இருக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சனிக்கிழமை காலை நான் ரெஸ்ட் ஹவுஸுக்குப் போனது ஓம் என்று சொல்லத்தான். அதை மறைக்க மாட்டேன். இனி மலையில் என்ன முகத்தோடு நிற்பது, போவதுதான் நல்லது என்று நினைத்தேன். மங்கை என் சேட்டை முதல்நாளே தோய்த்து ஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

தேவசகாயம் நல்ல சந்தோசத்தில் இருந்தார். கப்பல் வந்துவிட்டது, தேயிலை ஏறுகிறது. எனக்குக் கதிரை தந்து தேநீர் ஊற்றினார். கடிதம் ரைப் பண்ணி மேசையில் இருந்தது, என் பெயரோடு. இரண்டாவது ஒபிசர் மலையைக் கண்ட கதை அவருக்கும் தெரிந்திருந்தது. “நீர் கண்டது உண்மைதான் போலை” என்று சிரித்தார்.

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நப்பாசை. பாராட்டு ஒன்று வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று நினைத்துக் கேட்டேன்.

“ஐயா, அப்ப என்ர கண்ணைப் பாத்துத்தானே என்னை எடுக்கிறியள்?”

“கண்ணோ?” என்றார். “கொழும்பிலை கண்ணுக்கு என்ன வேலை தம்பி? கப்பல் வந்தால் ரெலிபோனிலை சொல்லுவாங்கள். திங்கட்கிழமை கண்ணைப் பாத்துத்தான் கேட்டனான், அது உண்மை. ஆனா நான் முடிவெடுத்தது வியாழக்கிழமை. பக்கத்திலை நிண்ட மனிசன் மாட்டன் எண்டு நிக்கேக்கை, நீர் நிலைமையை விளங்கி ஒரு வரி எழுதித் தந்தனீர் பாரும். அப்பிடிப்பட்ட ஆள் கிடைக்கிறது வலு அருமை. எங்கடை வேலை அதுதான். சரக்கு நனைஞ்சு வரும், காய்ஞ்சு வந்ததெண்டு எழுத வேணும். பிந்தி வரும், முந்தி வந்ததெண்டு எழுத வேணும். எல்லாராலையும் ஏலாது. உம்மாலை ஏலும்.”

அவர் என்னை ஏசவில்லை. மனதாரப் பாராட்டினார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

“ஐயா, நான் வரேல்லை.”

“என்ன காணும் திடீரெண்டு? ஏன்?”

“கப்பலிலை ஏற எனக்குப் பயம்” என்றேன். சல்லி என்ற ஊரின் கடற்கரையில் பிறந்து, நடக்கப் பழக முன்னமே தோணியில் இருந்தவன் நான். அது அவருக்கும் தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மங்கையிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முதலில் அழுதாள். குழாய்க்காகத்தான் அழுகிறேன் என்று அவளே சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிறகு கேட்டாள்:

“வேலை வேண்டாமெண்டு வந்தது சரி. அதை நான் குறை சொல்லேல்லை. அந்த வரியை ஏன் எழுதினனீங்கள்? ஹனீபா அண்ணன் பக்கத்தில நிண்டவரெல்லோ?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நாங்கள் அந்தப் பின் அறையில் இன்னும் ஆறு வருடம் இருந்தோம். ஐந்து குடும்பத்துக் கிணற்றில் அவள் தண்ணீர் அள்ளினாள். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காவலுக்குப் போனேன். கொழும்புக்குப் போகவில்லை என்று ஹனீபா காக்காவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். என்னை எதற்காக எடுத்தார்கள் என்று தேவசகாயம் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

“நல்ல மனிசன்” என்றார். “நேர சொல்லிட்டான். சொல்லாட்டி நீ போயிருப்பாய், போய் நல்லாவும் செஞ்சிருப்பாய்.”

அதன் பிறகு நான் கண்ட கப்பலுக்கெல்லாம் அவர் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் குழலுக்குள் பார்த்துத்தான் ஒப்பம் வைத்தார். அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது.

ஆகவே பிள்ளைகளே, போகவா நிற்கவா என்று என்னைக் கேட்காதீர்கள். போனவர்களில் நன்றாக இருந்தவர்களும் உண்டு, நின்றவர்களில் வீணாய்ப் போனவர்களும் உண்டு. வேலைக்குக் கூப்பிடுகிறவரிடம் சம்பளத்தைக் கேளுங்கள், வீட்டைக் கேளுங்கள், லீவைக் கேளுங்கள். கையெழுத்துப் போட முன்னம், என்னில் எதைப் பார்த்து எடுக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். நான் பெருமைக்குக் கேட்டேன், நீங்கள் தெரிந்துகொண்டு கேளுங்கள். அந்தப் பதிலை வீட்டில் இருக்கிறவர்களிடம் அப்படியே சொல்ல முடியுமா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால் போங்கள்.